நிலவறையில் முதிர்ந்த வீரிய பீர்கள்: ஒரு சுவை மதிப்பீடு

பீர் என்பது புதிதாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டிய பானம். பெரும்பாலான பீர்களைப் பொறுத்தவரை இதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. 5 சதவீத ஆல்கஹால் கொண்ட சாதாரண லாகர் (குளிரில் மெல்ல நொதிக்கும் பீர் வகை) ஒன்று சில மாதங்களிலேயே மணம் குன்றி, ஓராண்டு கழிவதற்குள் நனைந்த அட்டையின் வாடையை எட்டிவிடுகிறது. 9, 10, 14 சதவீதம் என்று வீரியம் ஏறிய, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கனத்த சில பீர்கள் மட்டுமே இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை வீட்டு நிலவறையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து திறக்கும்போது உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: காலம் பீருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கொஞ்சம், எடுத்துக்கொண்டு போவது அதிகம். எடுத்தது போக மிச்சம் நிற்பதற்கு உடம்பில் சத்து உள்ள பீரே வைத்துக் குடிக்கத் தக்கது. அப்படிப்பட்டவை, ஆர்வலர்கள் நம்பிச் சேர்த்து வைப்பவற்றில் பாதிகூடத் தேறாது.

சுவைத்த முறையைச் சொல்லாமல் சுவையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. இங்கே பேசப்படும் புட்டிகள் வெளிச்சம் புகாத நிலவறையில், 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நிமிர்த்தி வைக்கப்பட்டவை. ஒயினைப் போல இவற்றையும் படுக்க வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; உலோக மூடி போட்ட புட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அடியில் அடங்க வேண்டிய ஈஸ்ட் பக்கவாட்டில் நீளமாகப் படிந்து, ஊற்றும்போது கலங்குவதுதான் மிச்சம். கார்க் அடைத்த புட்டிகளைப் பற்றி இரு தரப்பிலும் வாதம் உண்டு என்றாலும், அவற்றையும் நிமிர்த்தி வைப்பதையே நான் விரும்புகிறேன். வாய்ப்புள்ள இடத்திலெல்லாம் பழைய புட்டியோடு அதே பீரின் புதிய புட்டி ஒன்றையும் திறந்து, முதலில் புதியதையும் அடுத்துப் பழையதையும் சுவைத்தேன். பழைய பீரை மட்டும் தனியாகக் குடிப்பவருக்கு, அது எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது தெரிய வழியில்லை. காத்திருந்த ஆண்டுகளின் பெருமிதமே சுவையில் பாதியாக அமர்ந்துவிடும். குடித்த வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி. குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் முதிர்ந்த பீரின் மணம் எழவே எழாது.

மூடிய புட்டிக்குள் பல மாற்றங்கள் ஒரே நேரத்தில், வெவ்வேறு வேகத்தில் நடக்கின்றன. முதலில் போவது, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் மணம். எலுமிச்சைத் தோல், பைன் பிசின், பச்சைப்புல் என்று புதிய பீரில் மூக்கைத் தொடும் எண்ணெய்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகின்றன. அடுத்தது கசப்பு. ஹாப்ஸைக் கொதிக்க வைக்கும்போது உருவாகும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள்தான் பீரின் கசப்புக்குக் காரணம். அவற்றில் டிரான்ஸ் வடிவம் விரைவாகவும் சிஸ் வடிவம் மிக மெதுவாகவும் சிதைவதால், கசப்பு சீராகக் குறையாமல், தொடக்க ஆண்டுகளில் வேகமாக இறங்கிப் பிறகு நெடுங்காலம் ஓரளவில் நின்றுவிடுகிறது. சிதைந்த கசப்புப் பொருள்களில் ஒரு பகுதி ஆல்கஹாலோடு சேர்ந்து, ஒயினை நினைவூட்டும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களாக மாறுகிறது. ஈஸ்ட் தந்த வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் தேய்கின்றன. மூடியின் வழியாக மிக மெல்லக் கசிந்து உள்ளே வரும் ஆக்சிஜன், மால்ட்டின் சுவையை உலர்திராட்சை, பேரீச்சை, தேன் ஆகிய திசைகளில் தள்ளிக்கொண்டே போகிறது.

பழைய பீரின் அட்டை வாடைக்குக் காரணமான டிரான்ஸ்-2-நோனினால் என்ற பொருளை லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வெளிறிய, மெலிந்த பீரில் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கருத்த, கனத்த பீரில் மற்ற மணங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் மறைந்துவிடும். எந்தப் பீரை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஷெர்ரி, மடெய்ரா போன்ற ஒயின்களுக்கு முதுமையின் மணத்தைத் தரும் சோட்டலோன் முதிர்ந்த பீரிலும் தோன்றுகிறது. வெந்தயத்தின் தனி வாசனைக்கும் இதே பொருள்தான் காரணம். ஆங்கிலச் சுவைக் குறிப்புகளில் மேப்பிள் பாகு என்று எழுதியிருக்கும் இடங்களில் பல நேரம் என் மூக்குக்கு வறுத்த வெந்தயமே எட்டியிருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இம்மாற்றங்களின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். ஆனால் எல்லா மாற்றங்களும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. ஆகவே வெப்பமான அறையில் ஓராண்டு வைத்திருந்து, நிலவறையின் மூன்றாண்டு முதிர்ச்சியைப் பெற்றுவிடலாம் என்று கணக்குப் போடுவது வீண்.

இனிப் பீர்களுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா நிறுவனம் 1983 முதல் தயாரித்துவரும் பிக்ஃபுட் பார்லிவைன் (ஒயின் அளவுக்கு வீரியம் ஏறிய பீர்), வீட்டில் பீர் முதிர வைக்கத் தொடங்குகிறவர்கள் பலருக்கும் முதல் பாடமாக அமைவது. ஆல்கஹால் 9.6 சதவீதம், ஆண்டுதோறும் ஒரு தயாரிப்பு, புட்டியிலேயே ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதால் வரிசைப்படுத்தி வைப்பது எளிது. புதிய பிக்ஃபுட் ஏறக்குறைய ஒரு தாக்குதல்: திராட்சைப்பழத் தோலின் கசப்பும் பைன் பிசினும் முன்வரிசையில் நிற்க, மால்ட்டின் இனிப்பு பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். 3 ஆண்டுப் புட்டியில் இந்த ஹாப்ஸ் மணம் போய்விட்டது. அதன் இடத்தில் இன்னும் எதுவும் வந்து அமரவில்லை. கசப்பு மட்டும் மணமில்லாமல் தனித்து நிற்க, நாக்கின் பின்புறத்தில் ஒரு மொட்டையான முடிவே கிடைத்தது. 8 ஆண்டுப் புட்டி வேறு கதை. கரும் தேன், கருக்கிய சர்க்கரை, சற்றே தோல்பொருளின் வாசனை, இவற்றுக்கு அடியில் இனிப்பைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு மிஞ்சியிருந்த கசப்பு. நல்ல பீர்தான், ஆனால் புதிய பிக்ஃபுட்டை விரும்பி வாங்குகிறவர் எதிர்பார்க்கும் பீர் அன்று. ஒன்றை மற்றொன்றின் மேம்பட்ட நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிதாகக் குடியுங்கள், அல்லது நன்றாகக் காத்திருங்கள். நடுவயதில் திறப்பதால் இரண்டு நலன்களும் இல்லாமல் போகும்.

லண்டனின் சிஸ்விக் பகுதியில் உள்ள ஃபுல்லர்ஸ் ஆலையின் விண்டேஜ் ஏல் 1997இல் தொடங்கியது; ஏல் என்பது லாகரைவிட வெப்பமான சூழலில் நொதிக்கும் பீர் வகை. 8.5 சதவீதம், புட்டிக்குள் உயிருள்ள ஈஸ்டோடு அடைக்கப்படுவது. இதன் சிறப்பும் சிக்கலும் ஒன்றே: மால்ட்டும் ஹாப்ஸும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றப்படுகின்றன. ஆகவே 5 ஆண்டுப் புட்டியையும் 10 ஆண்டுப் புட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாட்டில் காலத்தின் பங்கு எவ்வளவு, செய்முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. சுவையைப் பொறுத்தவரை, ஆரஞ்சுத் தோல் ஊறிய பழக்கூழின் மணம் இந்த ஆலையின் ஈஸ்டுக்கே உரியது; 10 ஆண்டுப் புட்டியிலும் அது முற்றிலும் அழியாமல் இருந்தது வியப்பளித்தது. 5 ஆண்டுப் புட்டியில் அதோடு பாதாமும் டாஃபியும் சேர்ந்திருந்தன. 10 ஆண்டுப் புட்டி மணத்தில் சிறந்து, வாயில் மெலிந்து போயிருந்தது. மணம் உறுதியளித்த கனம் நாக்கில் வந்து சேரவில்லை. 8.5 சதவீதம் என்பது நீண்ட காலத்துக்குப் போதுமான முதலீடு இல்லையோ என்ற ஐயம் எனக்கு இந்தப் புட்டியில்தான் வலுத்தது.

அந்த ஐயத்தை மான்செஸ்டரின் ஜே. டபிள்யூ. லீஸ் ஹார்வெஸ்ட் ஏல் உறுதிப்படுத்தியது. 1986 முதல் ஆண்டுதோறும் அந்த ஆண்டின் புது அறுவடையில் கிடைத்த மாரிஸ் ஆட்டர் பார்லி மால்ட்டையும் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸையும் கொண்டு தயாராகும் இதன் ஆல்கஹால் அளவு 11.5 சதவீதம். மால்ட் வகையும் ஹாப்ஸ் வகையும் மாறாததால், ஒரே பீரின் பல ஆண்டுத் தயாரிப்புகளை வரிசையாக வைத்துக் காலத்தின் வேலையை மட்டும் கவனிக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பீர் அரிது. புதிய புட்டி, உண்மையைச் சொன்னால், குடிப்பதற்குக் கடினமானது: பாகு போன்ற இனிப்பு, அதற்கு மேல் தொண்டையைச் சுடும் ஆல்கஹால், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்கின்றன. நான்கைந்து ஆண்டுகளில் சூடு அடங்குகிறது. 9 ஆண்டுப் புட்டியை ஊற்றியபோது நிறம் செம்பிலிருந்து அடர்ந்த மரப்பழுப்புக்கு இறங்கியிருந்தது. நுரை கோப்பையின் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமாக எழுந்து சில நொடிகளில் அடங்கியது. மணத்தில் முதலில் வந்தது அத்திப்பழம். பிறகு ஊறவைத்த உலர்திராட்சை. கோப்பையைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தபின் வாதுமைக் கொட்டையின் எண்ணெய் மணமும் மேலே சொன்ன வெந்தய வாசனையும் எழுந்தன. வாயில் இனிப்பு இருந்தது, ஆனால் திகட்டவில்லை. ஷெர்ரியில் காணப்படுவது போன்ற உலர்ந்த, சற்றே புளிப்பேறிய ஒரு கூர்மை அந்த இனிப்பை முடிவில் வெட்டி நிறுத்தியது. புதிய பீரில் இல்லாத இந்தக் கூர்மையைக் கொண்டுவந்தது காலம் மட்டுமே. காலம் கொடுப்பதைவிட எடுப்பதே அதிகம் என்று தொடக்கத்தில் எழுதியதற்கு வலுவான விதிவிலக்கு இந்தப் புட்டிதான். இதே பீரைக் கால்வடோஸ் (ஆப்பிள் பிராந்தி), ஷெர்ரி, போர்ட், லகவூலின் விஸ்கி ஆகியவற்றின் பீப்பாய்களில் வைத்து எடுத்த வகைகளும் வந்துள்ளன. விஸ்கிப் பீப்பாயின் புகை மணம் எல்லாவற்றையும் மூடிவிடுவதால், நீண்ட காலம் காத்திருக்க விரும்புகிறவர் பீப்பாய் காணாத மூல வகையையே வாங்குவது நல்லது.

பெல்ஜியத்தில் ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடங்களின் பீர்கள் வேறு வகையான சோதனை. ரோஷ்ஃபோர் 10, ஆல்கஹால் 11.3 சதவீதம். தயாரிப்பில் சர்க்கரையும் சேர்வதால், வீரியம் மிகுந்தும் உடம்பு அவ்வளவு கனமில்லாமல் இருப்பது இவ்வகையின் இயல்பு. புட்டியில் அச்சிட்டிருக்கும் நாள் தயாரித்த நாள் அன்று, குடிக்கத் தக்க காலத்தின் இறுதி நாள். அதிலிருந்து 5 ஆண்டு கழித்தால் அடைத்த காலம் கிடைக்கும். புதிய புட்டியில் மிளகு, கிராம்பு, கருத்த பழங்கள், துடிப்பான வாயு. எல்லாம் சற்று இரைச்சலாகவே இருக்கும். 4 ஆண்டு கழிந்த புட்டியைத் திறந்தபோது வாயுவின் சீற்றம் குறையவே இல்லை. நுரை புதிய புட்டியைப் போலவே தடித்து எழுந்தது. ஊற்றும்போது புட்டியின் கழுத்துப் பக்கம் கண்ணை வைத்திருந்து, அடியிலிருந்த ஈஸ்ட் ஒரு பழுப்பு இழையாக நகரத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினேன். மேலே வந்த பீர் சிவப்புச் சாயலுள்ள தெளிந்த பழுப்பாக இருந்தது. கிராம்பு பின்வாங்கி, அதன் இடத்தில் மெல்லிய வெனிலா சாயலும், பிளம் பழமும், கொக்கோவும் வந்திருந்தன. ஆல்கஹால் 11.3 சதவீதம் என்று சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மென்மை. இந்த மதிப்பீட்டுக்காகத் திறந்தவற்றில், புதியதைவிடப் பழையது தெளிவாகவே மேலானது என்று தயங்காமல் சொல்லத்தக்க இரண்டாவது பீர் இது.

ஆனால் அதே ரோஷ்ஃபோரின் 10 ஆண்டுப் புட்டி அந்த உயரத்தில் நிற்கவில்லை. கொக்கோ இருந்த இடத்தில் சோயா சாஸின் உப்புக் கலந்த வாசனை இலேசாகத் தலைகாட்டியது. புட்டியின் அடியில் கிடக்கும் ஈஸ்ட் இறந்து, அதன் செல்கள் உடைந்து, உள்ளிருப்பவை பீரில் கலக்கும்போது வரும் வாசனை இது. சிலர் இதை ஆழம் என்பார்கள், எனக்குக் குறைதான். உயிருள்ள ஈஸ்ட் முதல் சில ஆண்டுகளில் உள்ளே வரும் ஆக்சிஜனைத் தான் பிடித்துக்கொண்டு பீருக்குக் காவல் நிற்கிறது. பிறகு அந்தக் காவலாளியே சுமையாகிவிடுகிறது. உடைந்த ஈஸ்டிலிருந்து வெளியேறும் புரதச்சிதைப்பு நொதி, நுரையைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களையும் அரித்துவிடுவதால், மிகப் பழைய புட்டிகளில் வாயு இருந்தும் நுரை நிற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு ட்ராப்பிஸ்ட் பீரான ஷிமே நீல முத்திரை 9 சதவீதம். பெரிய புட்டியில் கார்க் அடைத்து, ஆண்டு குறித்து விற்கப்படுவதால் பலரும் இதைச் சேமிக்கிறார்கள். 5 ஆண்டுப் புட்டி போர்ட் ஒயினின் எல்லையை எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் வைத்திருந்தது உலர்ந்து, எலும்பு மட்டும் மிஞ்சிய நிலைக்கு வந்திருந்தது. சிறிய புட்டியைவிடப் பெரிய புட்டியில் முதிர்ச்சி மெதுவாக, சீராக நடப்பதாகச் சொல்வார்கள். மூடிக்கு அடியில் உள்ள காற்றுக்கும் பீரின் அளவுக்கும் உள்ள விகிதத்தை நினைத்தால் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

ஸாமிக்லாஸ் தனித்துப் பேச வேண்டியது, ஏனென்றால் மற்றவை எல்லாம் ஏல் வகை, இது லாகர். சூரிச் நகரின் ஹூர்லிமான் ஆலை 1979 டிசம்பர் 6ஆம் நாள், புனித நிக்கோலஸ் திருநாளில் முதன்முதலாகத் தயாரித்தது. அந்த ஆலையின் தயாரிப்பு 1990களில் நின்றுபோன பிறகு, 2000 முதல் ஆஸ்திரியாவின் ஷ்லாஸ் எக்கன்பெர்க் ஆலை அதே டிசம்பர் 6 வழக்கத்தைத் தொடர்கிறது. 14 சதவீதம் ஆல்கஹால். புட்டியில் அடைபடுவதற்கு முன்பே ஏறத்தாழ 10 மாதம் குளிரில் கிடந்து வருவது. புதிய புட்டி திகட்டும் இனிப்பு. அரைக் கோப்பைக்கு மேல் எனக்கு இறங்குவதில்லை. லாகர் ஈஸ்ட் தூய்மையாக நொதிப்பதால் பழ எஸ்டர்களோ மசாலா மணங்களோ மூடி மறைக்க இல்லை. ஆகவே மால்ட்டும் ஆல்கஹாலும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை இதில் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். 11 ஆண்டுப் புட்டியில் வாயு ஏறக்குறைய இல்லை. ஊற்றும்போது எண்ணெய் போல அமைதியாக இறங்கியது. மணம் கரும்பாகு, உலர்ந்த செர்ரி, பழைய மரப்பெட்டி. இனிப்பு குறைந்துவிட்டதாக நாக்கு சொல்கிறது. சர்க்கரை எங்கும் போய்விடவில்லை என்றாலும், ஆக்சிஜன் ஏறிய கூர்மை எதிர்நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. சிறிய கோப்பையில், மெல்ல, ஒரு மாலை முழுவதும் குடிக்கத்தக்கது. ஏற்கெனவே வாயு இல்லாததால் திறந்த புட்டியை மூடி வைத்து மறுநாள் குடித்தாலும் பெரிய இழப்பில்லை; வேறு எந்தப் பீரைப் பற்றியும் நான் இப்படிச் சொல்லமாட்டேன்.

வறுத்த மால்ட்டால் கருத்து, வீரியம் மிகுந்த இம்பீரியல் ஸ்டவுட்டுகளில் சுருக்கமாகவே சொல்லிக்கொண்டு போகலாம், ஏனென்றால் ஏமாற்றமே அதிகம். நார்த் கோஸ்ட் ஆலையின் ஓல்ட் ரஸ்புடின், 9 சதவீதம், 3 ஆண்டில் கருகல் வாசனை தணிந்து வட்டமாகிறது; அதற்கு மேல் காத்திருக்கக் காரணம் இல்லை. காபி சேர்த்த ஸ்டவுட்டுகளை வைக்கவே கூடாது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒன்றை 4 ஆண்டுக்குப் பின் திறந்தபோது காபி இருந்த இடத்தில் நறுக்கிய பச்சைக் குடைமிளகாயின் வாசனை அறை முழுவதும் பரவியது. காபி ஸ்டவுட்டை வைத்துப் பார்த்தவர்கள் பலரும் புலம்பும் வாசனைதான் இது. போர்பன் விஸ்கிப் பீப்பாயில் வைத்து எடுத்த ஸ்டவுட்டுகளில் வெனிலாவும் ஓக் மரமும் நீண்ட காலம் நிற்கின்றன; ஆனால் அவை ஆலையிலேயே முதிர்ந்து முடிந்த பிறகுதான் கடைக்கு வருகின்றன. வீட்டில் மேலும் வைப்பதால் பீப்பாய் மணத்துக்கும் பீருக்கும் இடையிலிருந்த சமநிலை குலைவதையே பார்த்தேன். வெஸ்ட்மால் ட்ரிப்பெல் போன்ற வெளிறிய பீர்கள் 9.5 சதவீதம் இருந்தும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் வளர்வதாக எனக்குத் தெரியவில்லை; தேன் மணம் வருகிறது, புத்துணர்வு போகிறது. ஹாப்ஸ் மணமே உயிரான டபுள் ஐபிஏ வகைகளை நிலவறைக்குக் கொண்டுபோவது, பூச்செண்டை வாங்கி அலமாரியில் பூட்டுவதற்கு ஒப்பானது.

வீரியம் மட்டுமே காவல் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. 6.2 சதவீதம் மட்டுமே உள்ள ஓர்வால் என்ற ட்ராப்பிஸ்ட் பீரும், அதற்கும் குறைந்த வீரியத்தில்கூட வரும் கூஸ் என்ற பெல்ஜியப் புளிப்புப் பீர்களும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் துணையால் பல ஆண்டு உயிர்ப்போடு இருக்கின்றன. அவை வேறு குடும்பம். அவற்றின் முதிர்ச்சியை இவற்றோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

இத்தனைக்கும் மேலாக ஒரு பெரிய சூதாட்டம் மூடியில் இருக்கிறது. ஒரே பெட்டியில் வந்து, ஒரே தட்டில் நின்று, ஒரே நாளில் திறக்கப்பட்ட இரண்டு புட்டிகளில் ஒன்று பொன்னாகவும் மற்றொன்று நனைந்த செய்தித்தாளாகவும் இருந்ததுண்டு. மூடியைத் திருப்பிப் பார்த்தால் காரணம் சில நேரம் கண்ணுக்கே தெரியும்: உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் அடுக்கின் ஓரத்தில் துரு வளையம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் பழுப்பான கசிவுத் தடம். அடைக்கும்போது மூடி சமமாக அழுந்தாததால் வந்த குறை அது. ஆண்டுகள் கூடக்கூட அந்த ஒரு மயிரிழை இடைவெளி பெருங்கணக்காகிவிடுகிறது. ஆக்சிஜனைத் தடுக்கும் அடுக்கு கொண்ட மூடிகள் இப்போது பரவலாகியிருப்பதால், இன்று வாங்கும் பீர் பழைய பீர்களைவிட மெதுவாக முதிரக்கூடும். மூடிமேல் மெழுகு ஊற்றி அடைப்பது அழகாக இருக்கிறது. திறக்கும்போது துகள்கள் கோப்பையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அதனால் வேறு மாற்றம் எதையும் நான் உணரவில்லை. வெளிச்சம் படும் இடத்தில் வைத்த புட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளிபட்டுச் சிதைந்து எழுப்பும் கந்தக நாற்றத்தைப் பச்சைக் கண்ணாடி தடுக்காது, பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், இருட்டு முழுவதும் தடுக்கும்.

எனவே, ஒரு பீரை வைத்துப் பார்க்க விரும்புகிறவர் ஒற்றைப் புட்டி வாங்குவதில் அர்த்தமில்லை. குறைந்தது மூன்று வாங்கி, ஒன்றை உடனே குடித்து நினைவில் பதித்துக்கொண்டு, மற்றவற்றுக்கு இடையே சில ஆண்டு இடைவெளி விடுவதே ஏற்றது. அப்போதுதான் மோசமான மூடி ஒன்று அமைந்தாலும் பீரின்மேல் பழி விழாது.

கடைசியாகத் திறந்தது தாமஸ் ஹார்டிஸ் ஏல். இங்கிலாந்தின் டார்செஸ்டரில் இருந்த எல்ட்ரிஜ் போப் ஆலை நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் நினைவாக 1968இல் தயாரித்து, புட்டியில் 25 ஆண்டு வரை மேம்படும் என்ற உறுதிமொழியோடு விற்ற பீர் இது. வீட்டு நிலவறையில் பீர் வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய தூண்டுகோல் இருந்திருக்க முடியாது. எல்ட்ரிஜ் போப் 1999இல் தயாரிப்பை நிறுத்த, 2003 முதல் 2008 வரை டெவனின் ஓ'ஹான்லன்ஸ் ஆலை தொடர்ந்தது. ஏறத்தாழ 12 சதவீதம். நான் திறந்தது இந்த இரண்டாம் காலகட்டத்தின் புட்டி. மணத்தில் குறை சொல்ல இடமில்லை: ஷெர்ரி, தோல், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய நூலகத்தின் வாசனை. வாயில் வைத்ததும் இனிப்பு நன்றாகத் தொடங்குகிறது, நடுவில் பிராந்தியின் வெதுவெதுப்பு வருகிறது, முடிவில் இரண்டும் ஒன்றாக அறுந்துபோய் மெல்லிய அட்டைச் சுவை மட்டும் நிற்கிறது. கோப்பையில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தும் முடிவு நீளவில்லை. இதே தயாரிப்பின் மற்றொரு புட்டியைச் சில ஆண்டுகளுக்கு முன் குடித்தபோது அந்த முடிவு ஹார்வெஸ்ட் ஏலைவிடவும் நீண்டதாக இருந்தது. 25 ஆண்டு என்ற உறுதிமொழியை நிறைவேற்றிய புட்டிகள் எங்கோ இருக்கலாம். என் தட்டில் இருப்பவை உச்சத்தைத் தாண்டிவிட்டன, மிஞ்சியிருப்பவற்றை இனித் தள்ளிப்போடாமல் திறந்துவிடப் போகிறேன்.